கெடாத வண்டி என்று சொல்லாதீர்கள்

பழைய செயின் வண்டிகளை நேசிக்கும் நண்பர்களுக்கு,



புதர் மண்டிய காட்டில் பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கேட்டர்பில்லர் டோசரை நாலைந்து பேர் சேர்ந்து கழுவி, பழைய ஆயிலை வடித்து, புது டீசல் ஊற்றி, கரும்புகை கக்கக் கக்க ஸ்டார்ட் செய்யும் வீடியோக்களை நாம் எல்லோரும் விரும்பிப் பார்க்கிறோம். முதல் சிலிண்டர் பிடிக்கும் அந்தச் சத்தத்தில் எனக்கும் புல்லரிக்கிறது. பார்த்து முடித்ததும் நம்மிடையே தவறாமல் ஒரு பேச்சு எழும்: "அந்தக் காலத்து இரும்புங்க. கெடவே கெடாது. இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்."

இந்தப் பேச்சு தவறு என்று சொல்லத்தான் இந்த மடல். அந்த வண்டிகள் கெட்டன. அடிக்கடி கெட்டன. பெரிய பெரிய கம்பெனிகள் வரைந்து வார்த்து விற்ற வண்டிகள் முதல் வருடத்திலேயே பல்லுடைந்து நின்றிருக்கின்றன. இன்று நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்தவை. ஓடாமல் போனவை எப்போதோ உருக்காலைக்குப் போய்விட்டன. மிஞ்சியதைப் பார்த்து மொத்தத்தையும் எடைபோட்டால் கணக்கு தப்பும். அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. தினமும் விடியுமுன் கிரீஸ் கன்னோடு சேற்றில் படுத்து எழுந்தவர்களின் உழைப்பை நாம் இரும்பின் பெயரில் வரவு வைக்கிறோம். அது நியாயமில்லை.

உங்களில் சிலர் பேச்சோடு நிற்காமல் வாங்கவும் யோசிக்கிறீர்கள். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ வேலை பார்க்கும் சிலர் அங்கே பண்ணை ஏலத்தில் கேட்டர்பில்லரின் ஒரு டி2, ஒரு டி4 மலிவாக வருகிறதே என்கிறீர்கள். உங்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செயின் வண்டி ஏன் பிறந்தது என்பதிலேயே அதன் நோயும் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கத்து ஆற்றுப்படுகை நிலம் மக்கிய கரிமண். நீராவி டிராக்டரின் சக்கரத்தை எவ்வளவு அகலமாக்கினாலும் புதைந்தது. 1904 நவம்பர் 24 அன்று பெஞ்சமின் ஹோல்ட் தன் டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகள் கோத்த செயினை மாட்டி ஓட்டிப் பார்த்தார். புதையவில்லை. ஹோல்ட் கம்பெனியும் அதன் போட்டியாளரான பெஸ்ட் கம்பெனியும் 1925-ல் இணைந்து கேட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி ஆயின. அன்று தொடங்கிய பேரம் இன்றுவரை மாறவில்லை. புதையாமல் போகலாம், இழுவை கிடைக்கும். அதற்கு விலையாக, அசையும் இணைப்புகள் பல டஜன் சேற்றுக்குள்ளேயே கிடந்து வேலை செய்யும். சக்கர வண்டி மண்மேல் ஓடுகிறது. செயின் வண்டி தன் செயின்மேல் ஓடுகிறது. அந்தச் செயின் மண்ணில் கிடக்கிறது.

அதனால், பழைய செயின் வண்டியைப் பார்க்கப் போனால் எஞ்சின் மூடியைத் திறக்காதீர்கள். முதலில் கீழே குனியுங்கள்.

ஒரு பக்கச் செயினில் முப்பதுக்கு மேற்பட்ட இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு பின், ஒரு புஷ்ஷுக்குள் திரும்புகிறது. ஆயில் நிரப்பி சீல் வைத்த செயின் 1970-களில் வரும்வரை அந்தப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் கிடையாது. காய்ந்த இரும்பு காய்ந்த இரும்போடு உரசியது. நடுவில் மணலும் நீரும் புகுந்தால் அதுவே அரைக்கும் பசை. இரண்டும் தேயத் தேய ஒவ்வொரு இணைப்பின் நீளமும் மயிரிழை கூடும். முப்பது மயிரிழை சேர்ந்தால் செயின் தொங்கும். செயின் நீண்டுவிட்டது என்பார்கள். ஆபரேட்டர் அட்ஜஸ்டரைத் திருகி இறுக்குவார், தொங்கல் மறையும். நோய் மறையாது. லிங்க்கின் நீளம் இப்போது, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களின் இடைவெளியோடு ஒத்துப்போகாது. புஷ் பல்லின் அடியில் உட்காராமல் சரிவில் ஏறிச் சறுக்கும். பல் தேய்ந்து கூராகும். கூரான ஸ்ப்ராக்கெட்டோடு புதுச் செயினை மாட்டினால் அந்தப் புதுச் செயினையும் அது சீக்கிரமே தின்றுவிடும்.

இதற்கு அன்றைய மெக்கானிக்குகளிடம் அழகான ஒரு வைத்தியம் இருந்தது. பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கம்தான் தேயும். பெரிய ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அவற்றை வெளியே தள்ளி, பாதிச் சுற்றுத் திருப்பி மறுபடி ஏற்றினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். செயினுக்கு இரண்டாவது ஆயுள். ஆனால் அதற்கு நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். புஷ்ஷின் சுவர் மெலிந்து வெடித்தபின் திருப்பிப் பயனில்லை. நாலு லிங்க்கின் நீளத்தை இழுத்துப் பிடித்து அளந்து, புதிதின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வருடக்கணக்கில் பணம் மிச்சம் பிடித்தார்கள். அளக்காதவர்கள் செயினும் வாங்கினார்கள், ஸ்ப்ராக்கெட்டும் வாங்கினார்கள்.

ஆபரேட்டரின் கையும் காலும் இந்தத் தேய்மானத்தில் எழுதியிருக்கும். பின்னோக்கி ஓட்டுவது முன்னோக்கி ஓட்டுவதைவிட புஷ்ஷை அதிகம் தேய்க்கும். எப்போதும் ஒரே பக்கம் திரும்பி வேலை செய்த வண்டியில் ஒரு பக்கச் செயின் மட்டும் முந்திக்கொண்டு கிழடாகும். கெட்டியாக இறுக்கிய செயின் பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் அதைப்போல் அடிப்பகுதியைக் கொல்வது வேறில்லை. டி2, டி4 அளவு வண்டிகளில் செயினின் முன்முனைச் சக்கரமான ஐட்லருக்கும், செயினை மேலே தாங்கும் ரோலருக்கும் நடுவே ஒரு நேர்ப்பலகையை வைத்துப் பார்த்தால் செயின் ஒன்று, ஒன்றரை அங்குலம் தொங்க வேண்டும். களிமண் ஸ்ப்ராக்கெட்டில் அப்பி இறுகும் நிலத்தில் அதைவிடக் கொஞ்சம் தளர்வாகவே விடுவார்கள். இந்தத் தொழிலில் உள்ள எவரைக் கேட்டாலும், பராமரிப்புச் செலவில் ஏறக்குறையப் பாதி அடிப்பகுதிக்கே போகும் என்பார்.

பழைய வண்டிகளில் அட்ஜஸ்டர் ஒரு பெரிய திருகு. பிற்காலத்தில்தான் கிரீஸ் அடித்து இறுக்கும் முறை வந்தது. அந்தத் திருகு துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். பல வண்டிகளில் அதைத் தொட்டே பல பத்தாண்டு ஆகியிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். ஐட்லருக்குப் பின்னால் ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங், டன் கணக்கான விசையில் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. செயின் நடுவே கல் மாட்டினால் ஐட்லர் பின்வாங்குவதற்காக வைத்தது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தெரியாமல் கழற்றினாலோ, அருகே கேஸ் கட்டிங் வைத்தாலோ, அது ஆளைக் கொல்லும். கைப்புத்தகம் சொல்லும் முறை தெரியாமல் அந்த ஸ்பிரிங் பக்கம் போகவே போகாதீர்கள்.

அடுத்தது திருப்பம். கேட்டர்பில்லரும் இன்னும் பலரும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஸ்டியரிங் கிளட்ச் வைத்தார்கள். பல தட்டுகள் அடுக்கிய உலர் கிளட்ச். இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குச் சக்தி போகாது. பிரேக்கையும் மிதித்தால் அந்தப் பக்கம் நின்று வண்டி அங்கேயே திரும்பும். எளிய ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. இதற்கு இரண்டே எதிரிகள். ஒன்று ஆயில்: பக்கத்து கியர் அறையிலிருந்து பழைய சீல் வழியே கசிந்து தட்டுகளை நனைத்தால் கிளட்ச் வழுக்கும், ஒரு பக்கம் இழுவை விழும். இன்னொன்று சும்மா நிற்பது: மழைக்காலம் நாலைக் கடந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டிக்கொள்ளும், லீவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நேராகவே போகும். ஏலத்தில் வரும் பழைய டோசர்களில் பல இந்த இரண்டாவது நோயோடுதான் வருகின்றன. மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறவைத்து, லீவரைப் பின்னால் இழுத்துக் கட்டி நாட்கணக்கில் விட்டுப் பார்ப்பார்கள். சில சமயம் விடும். விடாவிட்டால் சீட், டேங்க், பின்பக்கம் எல்லாம் கழற்றி உள்ளே இறங்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்கும்போதே லீவர்களை இழுத்துக் கட்டி, கிளட்ச்சை விலக்கி வைப்பது பழைய ஆட்களின் பழக்கம். அந்த ஒரு துண்டுக் கயிறு பின்னால் பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

கிளீவ்லண்ட் டிராக்டர் கம்பெனியின் கிளெட்ராக் வண்டிகள் வேறு வழியில் போயின. ரோலின் ஒயிட் என்ற பொறியாளரின் யோசனை அது. கிளட்ச்சை விலக்கிச் சக்தியைத் துண்டிக்காமல், டிஃபரன்ஷியலுக்குள்ளேயே பிரேக் பேண்டால் ஒரு பக்கத்தை மெதுவாக்கி மறுபக்கத்தை வேகமாக்குவது. இரண்டு செயினும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். சரிவிலும் பாரத்திலும் இது அருமையாகத் திரும்பும். இரண்டாம் உலகப் போரின் ஷெர்மன் டாங்கி திரும்பியதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் பேண்டுகள் ஆயிலுக்குள் வேலை செய்பவை. லைனிங் தேய்ந்து தூளாகி அதே ஆயிலில் கலக்கும். பேண்ட் தேய்ந்தால் திருப்பமே போய்விடும், ஏனென்றால் இதில் அதைத் தவிர வேறு ஸ்டியரிங் இல்லை. 1944-ல் ஆலிவர் கம்பெனி கிளெட்ராக்கை வாங்கியது. 1965-ல் செயின் வண்டி தயாரிப்பையே நிறுத்தியது. இன்று ஒரு கிளெட்ராக்கை வாங்குபவர் பேண்ட் லைனிங்குக்கு யாரை நம்பியிருக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கேட்டர்பில்லரின் முதல் டீசல் டிராக்டர் 1931-ல் வந்தது. டீசல் எஞ்சினின் அமுக்கத்தைக் கையால் சுழற்றி மீற முடியாது. அன்றைய பேட்டரியை வயலிலும் காட்டிலும் நம்ப முடியாது. அதனால் டீசல் எஞ்சினின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சினை உட்கார வைத்தார்கள். போனி மோட்டார் என்பார்கள். அதைக் கைப்பிடியாலோ கயிற்றாலோ கிளப்பி, அது சூடானதும் அதன் பினியனைப் பெரிய எஞ்சினின் ஃப்ளைவீலில் கோத்து, கிளட்ச்சை விட்டுச் சுழற்ற வேண்டும். டீசலின் வால்வுகளை லீவர் கொண்டு திறந்து வைத்திருப்பதால் முதலில் அமுக்கம் இல்லாமல் சும்மா சுழலும். இரண்டு எஞ்சினுக்கும் ஒரே குளிர்நீர் என்பதால் போனியின் சூடு டீசலுக்குப் போகும். போனியின் புகைச்சூடு டீசல் இழுக்கும் காற்றையும் சூடாக்கும். முதல் துளி டீசல் வெடிக்குமுன்பே ஆயில் பிரஷர் முள் ஏறி நிற்கும். பேரிங்குகள் நீண்டு உழைத்ததற்கு இந்தப் பொறுமையான தொடக்கம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதை இரும்பின் தரம் என்று நாம் சொல்கிறோம்; அது வேலை செய்யும் முறை.

ஆனால் இந்தப் போனிதான் அதிகம் படுத்தியதும். தினமும் சில நிமிடமே ஓடுவதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு அணைக்கச் சொல்வார்கள். அவசரத்தில் அப்படிச் செய்யாமல் விட்டால் பெட்ரோல் காய்ந்து கோந்தாகி ஜெட்டை அடைக்கும். மேக்னெட்டோவில் ஈரம் ஏறினால் பொறி வராது. மூடியில்லாத சைலன்சர் வழியே மழைநீர் இறங்கி வால்வு ஒட்டிக்கொள்ளும். டீசல் பிடித்ததும் பினியன் தானாக விலக வேண்டும்; தேய்ந்த கொக்கி விலகாமல் நின்றால் பெரிய எஞ்சின் சின்ன எஞ்சினை அதன் வரம்புக்கு மேல் சுழற்றிச் சிதறடிக்கும். குளிர்நாடுகளில் ரேடியேட்டர் நீரை வடிக்க மறந்த ஒரே இரவில் பிளாக்கில் கிராக் விழுந்த போனிகள் ஏராளம். டீசல் எஞ்சின் கல்லாக இருக்க, போனி செத்ததால் மட்டுமே காட்டோரம் தள்ளப்பட்ட வண்டிகள் பல. அப்படிப்பட்ட வண்டியை இன்னொரு டிராக்டரால் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய நினைக்காதீர்கள். செயின் வழுக்கும், கியர் பாக்ஸ் அடி வாங்கும், எஞ்சினில் ஆயில் ஏறியிருக்காது.

பழைய டீசலில் இன்னொரு கள்ள நோய் உண்டு. ஆயில் அளவு குறைந்தால் நாம் பயப்படுகிறோம். ஏறியிருந்தால் நிம்மதி அடைகிறோம். ஏறியிருந்தால்தான் பயப்பட வேண்டும். எரிபொருளை ஏற்றும் சின்னப் பம்பின் சீல் போய் டீசல் கிராங்க்கேஸில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் தண்ணீராகி பேரிங்கை உருக்கும். விரலில் தொட்டு மோந்து பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி இரண்டாவது எஞ்சினே வேண்டாம் என்று முடிவு செய்தது. டிடி-6, டிடி-9, டிடி-14, டிடி-18 ஆகிய வண்டிகளின் டீசல் எஞ்சினிலேயே கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும் வைத்தார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்றாவதாக ஒரு வால்வு. அது திறந்தால் கூடுதல் அறை ஒன்று சேர்ந்து அமுக்கம் குறையும். எஞ்சின் பெட்ரோலில் கிளம்பும். சூடானதும் வால்வு மூடி, அமுக்கம் ஏறி, அதே எஞ்சின் டீசலுக்கு மாறும். ஒரே எஞ்சின், இரண்டு பிறவி. இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் அதை வரைந்தவர்களுக்கு மனதார வணக்கம் சொல்கிறேன். ஆனால் விலை ஹெட்டில் விழுந்தது. மூன்று வால்வு, ஒரு பிளக், ஒரு கூடுதல் அறை எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் நெருக்கியதால் வால்வு சீட்டுகளுக்கு நடுவே இரும்பு மெலிந்தது. சூட்டில் அங்கேதான் கிராக் விழும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். இந்த வண்டிகளைத் தேடுபவர்கள் முழு வண்டியைவிட கிராக் இல்லாத ஒரு ஹெட்டுக்கு அலைகிறார்கள். வாங்குமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து குமிழி வருகிறதா பாருங்கள். ஆயில் பாலாக இருக்கிறதா பாருங்கள்.

முதல் டீசல்களில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் இருந்தது. அன்றைய சாதா ஆயில் டீசல் சூட்டில் கருகிப் பிசினாகி ரிங்கைப் பள்ளத்திலேயே பிடித்துக்கொண்டது. இரும்பில் எவ்வளவு நேர்த்தி காட்டியும் தீரவில்லை. கேட்டர்பில்லரின் தேவைக்காக கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி டீசல் எஞ்சினுக்கென்றே சேர்மானம் கலந்த டீலோ ஆயிலை 1935-ல் கொண்டுவந்தது. தீர்வு வார்ப்பாலையிலிருந்து வரவில்லை, எண்ணெய் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்து இரும்பு என்று பெருமை பேசும்போது இந்த ஆயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கம்பெனிகளே தடுமாறிய கதைகளையும் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் 1947-ல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிடி-24 என்ற பெரிய செயின் டிராக்டரை இறக்கியது. குதிரைத்திறனில் கேட்டர்பில்லரின் டி8-ஐ மிஞ்சியது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கிரகக் கியர், பாரத்தோடு இழுத்துக்கொண்டே திரும்பும் வசதி. தாளில் பார்த்தால் அதற்கு நிகர் இல்லை. ஆனால் போதிய சோதனை இல்லாமல் சந்தைக்கு வந்தது. வேலைத்தளத்தில் கியரும் திருப்பும் பாகங்களும் உடைந்தன. கம்பெனி பெரும் பணம் செலவழித்துத் திருத்த வேண்டியதாயிற்று. திருத்திய வண்டிகள் பின்னால் நன்றாகவே உழைத்தன, ஆனால் ஒப்பந்தக்காரர்கள் முதல் அனுபவத்தை மறக்கவில்லை. கேட்டர்பில்லரின் மஞ்சள் வண்டியின் புகழுக்கு அதன் இரும்பு மட்டும் காரணமல்ல. கேட்டால் ஸ்பேர் கொடுக்க ஊருக்கு ஊர் டீலர் இருந்தார். இன்றும் சில பழைய மாடல்களுக்குப் பாகம் கிடைக்கிறது என்றால் அந்த வலைப்பின்னலால்தான்.

அந்த வலைப்பின்னல் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு தங்கனிக்காவைவிடப் பெரிய சாட்சி இல்லை. போருக்குப் பின் சமையல் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் இருந்த பிரிட்டன், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 32 லட்சம் ஏக்கர் புதர்க்காட்டை அழித்து நிலக்கடலை போடத் திட்டமிட்டது. 1947-ல் தங்கனிக்காவின் கோங்வாவில் வேலை தொடங்கியது. புது டிராக்டர் கிடைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களில் ராணுவம் விட்டுச்சென்ற பழைய டோசர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். கடற்கரை வெட்டவெளியில் கிடந்து துருவேறிய வண்டிகள். கைப்புத்தகம் இல்லை, ஸ்பேர் இல்லை, பட்டறை இன்னும் எழவில்லை, ஓட்டுநர்களுக்கு அவசரப் பயிற்சி. மண்ணோ கோடையில் சிமெண்டாக இறுகுவது. அதில் கலந்த மணல் இரும்பை ராவியது. சில மாதங்களிலேயே பெரும்பாலான டிராக்டர்கள் படுத்துவிட்டன. ஷெர்மன் டாங்கிகளை டிராக்டராக மாற்றும் வேலையை விக்கர்ஸ் கம்பெனியிடம் கொடுத்தார்கள். ஷெர்விக் என்று பெயர் சூட்டிய அந்த வண்டிகளும் எதிர்பார்த்தபடி உழைக்கவில்லை. 1951 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டபோது ஏறக்குறைய 3 கோடியே 60 லட்சம் பவுண்டு கணக்கிலிருந்து எழுதித் தள்ளப்பட்டது. மழைக்குறைவும் திட்டமிடாத அவசரமும் பெரிய காரணங்கள்தான். ஆனால் ஸ்பேரும் பட்டறையும் பழகிய கைகளும் இல்லாமல் டோசர் வெறும் பாரம் என்பதை அந்தக் காடு உலகத்துக்கே காட்டியது.

விக்கர்ஸ் அதோடு விடவில்லை. ரோல்ஸ்-ராய்ஸ் டீசல் பூட்டி, டாங்கிபோல ஸ்பிரிங் வைத்த பெரிய சக்கரங்களில் ஓடும் விகர் என்ற செயின் டிராக்டரை 1950-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. மற்றவை ஊர்ந்தபோது இது ஓடியது. ஆனால் கோளாறுகள் தொடர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தயாரிப்பு நின்றுபோனது. டாங்கி கட்டத் தெரிந்தவர்களுக்கும் டிராக்டர் எளிதாக வசப்படவில்லை. டாங்கிக்கு எப்போதாவது சண்டை. டிராக்டருக்குத் தினமும் சண்டை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சுதந்திரத்தின்போது அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற செயின் டிராக்டர்களை வைத்துத்தான் மத்திய டிராக்டர் அமைப்பு தொடங்கியது. மத்திய இந்தியாவில் கான்ஸ் என்ற ஆழ வேர்ப் புல் மண்டித் தரிசாகிப்போன நிலங்களை மீட்பது அதன் வேலை. அந்த வேலைக்குப் புது டிராக்டர்கள் வாங்க 1949-ல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. இந்தியாவுக்கு அந்த வங்கி கொடுத்த முதல் கடன்களில் ஒன்று. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு வாடகைக்கு விட்ட டோசர்களை நம் அப்பா, தாத்தா காலத்தவர்கள் பார்த்திருப்பார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, வானம் பார்த்த காட்டை வயலாக்கியவை. அவற்றை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் இப்போது ஓய்வுபெற்று நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். எந்த மாடலின் எந்த ரோலர் முதலில் போகும், எந்த மண்ணில் செயினை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

நண்பர்களே, வண்டி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சில வேண்டுகோள். பணம் கொடுக்குமுன் அந்த மாடலின் கைப்புத்தகத்தையும் பாகப் புத்தகத்தையும் தேடிப் பிடியுங்கள். கிடைக்காத வண்டியை விட்டுவிடுங்கள். வண்டியை மேட்டில் ஓட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் ஓடாவிட்டாலும் செயின் நன்றாக இருக்கும் வண்டி, எஞ்சின் ஓடிச் செயின் செத்த வண்டியைவிடப் பெரும்பாலும் லாபம். பழைய கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கும். காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். தலைக்குமேல் பாதுகாப்புக் கூண்டு இல்லாத வண்டியைச் சரிவில் ஏற்றாதீர்கள். வாங்கியபின் மாதம் ஒருமுறையாவது கிளப்பி, முன்னும் பின்னும் ஓட்டி, லீவர்களை அசையுங்கள். சும்மா நின்று செத்த வண்டிகளே அதிகம்.

வாங்கப் போவதில்லை என்றாலும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் டோசர் ஓட்டி ஓய்வுபெற்றவர் யாராவது இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். எது கெட்டது, எப்படிச் சரிசெய்தார், எந்தப் பாகத்துக்கு எத்தனை நாள் காத்திருந்தார் என்று கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பாகப் புத்தகத்தைப் படி எடுத்துக் காப்பாற்ற முடியும். அவர் சொல்லாமல் போனால் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. இந்த வருடமே போய்க் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே பழைய இரும்பை நேசிக்கும் ஒருவன்